நான் எப்போது தலைக்கட்டு ஆனேன்?

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்கு ஒரு நோட்டு உண்டு. நீளமான கணக்கு நோட்டு, சிவப்புத் துணி ஒட்டிய அட்டை. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்டிருக்கும். அதற்குப் பிறகு வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த வருடத் திருவிழா வரி எவ்வளவு, கட்டியாச்சா, பாக்கியா என்ற விவரம். இந்தப் பெயர்களைத்தான் தலைக்கட்டு என்கிறோம். காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோடு போகும் வழியில் மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். போன திருவிழாவில் 117 தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு 2,000 ரூபாய்.

தலைக்கட்டு ஆவதற்கு ஒரே தகுதிதான். ஆணாக இருக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். (ஒரே தகுதி என்று சொல்லிவிட்டு இரண்டு சொல்கிறேன். ஊரில் யாரும் அதை இரண்டாக எண்ணுவதில்லை.) 22 வயதில் தாலி கட்டினவன் அடுத்த திருவிழாவுக்கே தலைக்கட்டு. 38 வயதாகியும் பெண் அமையாதவன் அப்பா பெயருக்குள் அடக்கம். கணவனை இழந்த பெண் அரைத் தலைக்கட்டு, பாதி வரி. மற்ற பெண்கள் கணக்கிலேயே இல்லை.

இந்த நோட்டைப் பற்றி நான் 28 வயதுவரை யோசித்ததே கிடையாது. 2018இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை யோசிக்க வைத்தார்கள்.

அன்று கோயில் திண்ணையில் ஊர்க் கூட்டம். திருவிழாவில் மிச்சம் விழுந்த அறுபதாயிரம் ரூபாயை என்ன செய்வது என்று பேச்சு. நான் அப்போது ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பத்து வருட அனுபவஸ்தன். வீட்டுக்கு வாங்கிய வங்கிக் கடனுக்குத் தவணை கட்டுகிறவன். ஜெர்மனி வரை போய் வந்தவன் என்ற தெனாவெட்டும் கொஞ்சம் இருந்தது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் மாதத்துக்கு ஒருமுறை எரிந்துபோகிறது, அதை மாற்றலாமே என்று எழுந்து சொன்னேன். எந்த மோட்டார், எத்தனை குதிரைத்திறன், என்ன விலை என்பதைக்கூட விசாரித்து வைத்திருந்தேன்.

ஊர்க்கவுண்டர் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "தம்பி, அப்பா வரலையா?" என்றார்.

"தோப்புக்கு மருந்தடிக்கப் போயிருக்காருங்க."

"சரி, அவரு வரட்டும். பேசிக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் உறைத்தது. எனக்கு அடுத்து எழுந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் பழகியவன். போன தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. வங்கியில் படிவம் நிரப்ப இன்னும் என்னிடம்தான் வருவான். அவன், கோபுரத்துக்கு சீரியல் லைட் செட் வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாக வாங்கிவிடலாம் என்றான். அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். லைட் செட் வாங்கினார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "நீ இன்னும் வரி கட்டலையேடா" என்றார், மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி.

அதற்கு முந்தைய வருடம் ஏழு மாதம் ஜெர்மனியில் இருந்தேன். ஒரு மெஷின் வாங்குவதை ஒட்டிப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழே கணவன், மனைவி, 19 வயது மகன். மூத்த மகள் வேறு ஊரில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மகன் இயந்திரத் தொழிலில் பயிற்சிப் பணியாளன். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள் கம்பெனி, மூன்றரை வருடப் படிப்பு. நான் போனபோது இரண்டாம் வருடம்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை. அந்த அம்மா காபி குடிக்கக் கூப்பிட்டார் என்று கீழே போயிருந்தேன். மகன் மாடிப்படியில் இறங்கி வந்தான், தலைகூடச் சீவவில்லை. ரொட்டி நறுக்கும் பலகைக்கு அடியில் மூன்று 50 யூரோ நோட்டை மடித்து வைத்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த அம்மா நோட்டுகளை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு டிக் போட்டார்.

என்ன பணம் என்று கேட்டேன். "கோஸ்ட்கெல்ட்" என்றார். சாப்பாட்டுக் காசு. சம்பாதிக்க ஆரம்பித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இப்படிக் கொடுப்பது அங்கே பல குடும்பங்களில் வழக்கமாம்.

பெற்ற பிள்ளையிடம் சோற்றுக்குக் காசா! அன்று இரவு வீட்டுக்கு போன் போட்டு அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பையன் பாவம் என்றார். எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. ஒருவேளை அந்த அம்மா இதையெல்லாம் சேர்த்து வைத்து, மகன் தனியாகப் போகும்போது மொத்தமாகக் கையில் கொடுப்பாரோ? சினிமா பார்த்து வளர்ந்த மூளை. இரண்டு வாரம் கழித்துக் கேட்டேவிட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "எப்படிச் சேர்த்து வைப்பது? அதைத்தான் சாப்பிட்டுவிட்டோமே" என்றார்.

அப்புறம்தான் என் கதை எனக்கு ஞாபகம் வந்தது. டிப்ளமோ முடித்து 2008இல் ஓசூரில் அப்ரண்டீஸாகச் சேர்ந்தபோது எனக்கு 18 வயது. மாத உதவித்தொகை 3,200 ரூபாய். முதல் மாதம் கவரைப் பிரிக்காமலே ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கிருஷ்ணகிரி வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து ஊருக்குக் கொண்டுவந்தேன். அப்பா அதை சாமி படத்துக்கு முன்னால் வைத்தார், பிறகு டிரங்குப் பெட்டிக்குள். போகும்போது பஸ்ஸுக்கும் டீக்கும் என்று 300 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். அடுத்த ஒன்பது வருடமும் தொகை மட்டும்தான் மாறியது.

அந்தப் பையன் கொடுத்தது சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குகூட இருக்காது. நான் கொடுத்தது முழுதும். இதில் யார் பாவம் என்று அம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கவரைக் கொடுத்தபோது எனக்கு வருத்தமே இல்லை. பெருமைதான். உறுத்தியது வேறு. அந்தப் பணத்தில் அப்பா இரண்டு போர் போட்டார். இரண்டிலும் புகைதான் வந்தது. முதலாவது பொய்த்த பிறகு இரண்டாவதை அதே தோப்பில் இருபது அடி தள்ளிப் போட வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை. அந்த ஜெர்மன் பையனோ 150 யூரோ வைத்துவிட்டுப் போனால் மிச்சத்துக்கு அவன்தான் ராஜா. பழைய மோட்டார்சைக்கிள் ஒன்று வாங்கி, அது மூன்றாவது வாரமே ஷெட்டுக்குப் போனது. அவன் அப்பா கொட்டகையில் நின்று அந்த வண்டியைப் பார்த்துச் சிரித்தார். "உன் காசு" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

எனக்குப் பொறுப்பு 18இல் வந்துவிட்டது. சொல் வரவில்லை. அவனுக்குச் சொல் 18இல் வந்துவிட்டது, பொறுப்பு மெதுவாக வந்துகொண்டிருந்தது. பெரியவன் ஆவது என்பது ஒரே கதவைத் தாண்டுவது என்று நினைத்திருந்தேன். இரண்டு கதவு இருக்கிறது, நாட்டுக்கு நாடு அது திறக்கும் வரிசை மாறுகிறது என்று அங்கேதான் விளங்கியது.

காவேரிப்பட்டணம் டீக்கடையில் அடிக்கடி ஒரு பேச்சு வரும்: "வெள்ளக்காரன் பதினெட்டு வயசானா புள்ளைய வெளிய தள்ளிடுவான்." ஜெர்மனியில் நான் தெரிந்துகொண்டது இதற்கு நேர் எதிர். அங்கே பிள்ளை முதல் தொழிற்படிப்பையோ பட்டத்தையோ முடிக்கும்வரை செலவுக்குக் கொடுப்பது பெற்றோரின் சட்டப்பூர்வக் கடமை. கொடுக்காவிட்டால் பிள்ளை வழக்குப் போடலாம். படிக்கிற பிள்ளைக்காக அரசு பெற்றோருக்குத் தரும் மாதத் தொகையும் 25 வயதுவரை உண்டு. 2025 கணக்கில் அது 255 யூரோ. மாடி வீட்டுக்கார அம்மா மகனிடம் சாப்பாட்டுக் காசு வாங்கிய அதே மாதத்தில் மகளுக்குப் படிப்புச் செலவும் அனுப்பிக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு எந்த முரணும் தெரியவில்லை. ஒருத்தன் சம்பாதிக்கிறான், ஒருத்தி படிக்கிறாள், அவ்வளவுதான்.

நம் நாட்டில் சட்டம் எந்தப் பக்கம் கை நீட்டுகிறது என்று பாருங்கள். 2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, கவனிக்காத பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பெற்றுத்தரத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். ஜெர்மனியிலும் பெற்றோரைக் காப்பது பிள்ளைகளின் கடமை என்று சட்டம் இருக்கிறது. ஆனால் முதியோர் பராமரிப்புச் செலவை அரசு ஏற்றுக்கொண்டு பிள்ளையிடம் திருப்பிக் கேட்பது, 2020 முதல், ஆண்டு வருமானம் ஒரு லட்சம் யூரோவைத் தாண்டியவர்களிடம் மட்டும்தான். அங்கே பணம் கீழ்நோக்கி ஓடுகிறது. இங்கே கொஞ்ச காலம் கீழ்நோக்கி ஓடிவிட்டு, பையன் முதல் சம்பளம் வாங்கியதும் மேல்நோக்கித் திரும்புகிறது.

அதே ஜெர்மனியில் சொல்லும் உரிமை படிப்படியாகக் கொடுக்கப்படுகிறது. எந்த மதம் வேண்டும், வேண்டாம் என்பதை 14 வயதில் பிள்ளையே முடிவு செய்யலாம். பீர் 16இல். பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்திருக்க 17இல் கார் ஓட்டலாம். 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 16 வயதுப் பிள்ளைகளும் ஓட்டுப் போட்டார்கள். குற்றம் செய்தால் மட்டும், 21 வயது ஆகும்வரை சிறார் சட்டப்படி விசாரிக்க நீதிபதிக்கு வழி உண்டு. இனிப்பை முதலில் கொடுத்துக் கசப்பைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள்.

இங்கே 1989 மார்ச்சிலிருந்து ஓட்டு வயது 18. நான் முதலில் ஓட்டுப் போட்டது 2009 நாடாளுமன்றத் தேர்தலில். சாவடி வாசலில் அப்பா என் தோளில் கை போட்டு எந்தச் சின்னம் என்று சொல்லி அனுப்பினார். உள்ளே போய் வேறு சின்னத்தை அமுக்கினேன். என் வாழ்க்கையில் நான் சொந்தமாக எடுத்த முதல் முடிவு அதுதான் என்று நினைக்கிறேன். அதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதுதான் அதன் அழகு.

'வெளிநாடு' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகம் பிள்ளைகள் சராசரியாக எந்த வயதில் பெற்றோர் வீட்டை விட்டுத் தனியாகப் போகிறார்கள் என்று கணக்கெடுக்கிறது. 2022இல் பின்லாந்தில் 21.3 வயது. குரோஷியாவில் 33.4. இத்தாலியில் 30. இவ்வளவுக்கும் ஒரே கண்டம். இத்தாலியில் 2007இல் நிதியமைச்சராக இருந்த டொமாசோ படோவா ஸ்கியோப்பா, அப்பா அம்மா வீட்டிலேயே இருக்கும் இளைஞர்களைப் 'பம்போச்சோனி' என்று சொல்லி, பெரிய சண்டை ஆனது. வளர்ந்த குழந்தைகள் என்கிற மாதிரியான நக்கல். நிரந்தர வேலை இல்லாமல் ஆறு மாத ஒப்பந்தத்தில் காலம் தள்ளுகிறவன் எப்படி வாடகைக்கு வீடு பிடிப்பான் என்று இளைஞர்கள் திருப்பிக் கேட்டார்கள். அமெரிக்காவிலும் 2020 ஜூலையில், கொரோனா உச்சத்தில், 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் 52 சதவீதம் பேர் பெற்றோர் வீட்டில் இருந்தார்கள் என்று பியூ ஆய்வு மையம் சொன்னது.

பின்லாந்து, ஸ்வீடன் பிள்ளைகள் மட்டும் ஏன் 21இல் கிளம்பிவிடுகிறார்கள்? பாசம் குறைவு என்பார் டீக்கடைக்காரர். ஸ்வீடனில் கல்லூரிக்குக் கட்டணம் இல்லை. படிப்பு உதவித்தொகையும் கடனும் பிள்ளை பெயரில் வரும், அப்பா சம்பளம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். வருமான வரியில்கூட 1971இலிருந்து கணவன் கணக்கு தனி, மனைவி கணக்கு தனி. அந்த அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரிவது ஆள். நம் அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரிவது அடுப்பு. அதற்குப் பிறகு வருகிறேன்.

என் யோசனை இது: ஒருவன் சறுக்கினால் யார் தாங்குகிறார்களோ அவர்கள் கையில்தான் அவனுடைய சொல் இருக்கும். ஸ்டுட்கார்ட் பக்கம் என்னோடு வேலை செய்த ஒரு பையன் முதலில் சமையல்காரப் பயிற்சியில் சேர்ந்து, ஒரு வருடத்தில் பிடிக்காமல் விட்டு, இயந்திரத் தொழிலுக்கு வந்தவன். அதை ஒரு பெரிய விஷயமாகவே அவன் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒருவன் இரண்டாம் வருடம் இன்ஜினியரிங்கை விட்டபோது அரை ஏக்கர் நிலம் ஏற்கெனவே கிரயமாகியிருந்தது. அந்த அரை ஏக்கரை இன்றுவரை அவன் தலையில் சுமக்கிறான். தப்பு செய்வதற்கான செலவு அங்கே பொதுக் கணக்கில் போகிறது. இங்கே அப்பாவின் நிலத்தில் போகிறது. நிலத்தை வைத்திருப்பவர் பேசுகிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள்.

இதை அப்பா மேல் குறையாகச் சொல்லவில்லை. 2020இல் நான்கு மாதம் எனக்குச் சம்பளமே இல்லை. தங்கையும் வேலை நின்று வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த மே, ஜூனில் பெங்களூரா மாங்காயைக் கூழ் தொழிற்சாலைக்கு ஏற்றி, வந்த விலைக்குக் கொடுத்துத்தான் ஐந்து பேர் சாப்பிட்டோம். வங்கித் தவணையையும் அப்பாதான் கட்டினார். டிரங்குப் பெட்டிக்குள் போன என் சம்பளம் மொத்தமும் போர்க் குழியில் போகவில்லை என்று அப்போது தெரிந்தது. கேட்டிருந்தால் முன்னாடியே சொல்லியிருப்பாரோ என்னவோ. நானும்தான் கேட்கவில்லை.

ஜெஃப்ரி ஆர்னெட் என்கிற அமெரிக்க உளவியலாளர் 2000இல் ஒரு கருத்தை முன்வைத்தார். 18 முதல் 25 வரை பிள்ளையும் இல்லை, பெரியவரும் இல்லை, நடுவில் புதிதாக ஒரு பருவம் முளைத்திருக்கிறது என்று. எப்போது பெரியவர் ஆனதாக உணர்வாய் என்று இளைஞர்களைக் கேட்டால் கல்யாணத்தையோ வேலையையோ அவர்கள் முதலில் சொல்வதில்லை. தனக்குத் தானே பொறுப்பு ஏற்பது, சொந்தமாக முடிவு எடுப்பது, தன் செலவைத் தானே பார்ப்பது, இந்த மூன்றும்தான் முன்னால் வருகின்றன. வசதியான நாட்டு அளவுகோல் என்று இதற்கு அப்போதிருந்தே மறுப்பும் உண்டு. எனக்கு அதில் கண்ணில் பட்டது 'தனக்கு', 'தன்' என்ற சொற்கள். எங்கள் ஊரில் 17 வயதில் பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போகிற பையனிடம் இதைக் கேட்டால், அக்கா கல்யாணக் கடன் அடைகிற அன்றைக்கு என்பான். கம்பி கட்டிக் கட்டிக் கை காய்த்திருக்கும். அதே அக்காவுக்கு வெற்றிலை பாக்கு மாற்றும்போது அவன் வாசலில் நின்று பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருப்பான். உள்ளே கூப்பிட மாட்டார்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் என் பள்ளித் தோழன் வேறொரு கணக்குச் சொன்னான். அங்கே ஆண்பிள்ளைகள் 18 வாக்கில் இரண்டு வருடம் தேசிய சேவைக்குப் போய்த்தான் ஆக வேண்டும், 1967இலிருந்து அப்படித்தான். துப்பாக்கியைக் கையில் கொடுக்கிற அரசு வீட்டை மட்டும் லேசில் கொடுப்பதில்லை. கல்யாணம் ஆகாதவர் சொந்தமாக அரசு அடுக்குமாடி வீடு வாங்க 35 வயது ஆக வேண்டும். ஜோடியாகப் போனால் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். அதனால் அங்கே ஒரு பையன் பெண்ணிடம் "வீட்டுக்கு மனு போடலாமா?" என்று கேட்டால் அதுதான் காதலைச் சொல்வதாம். எங்கள் நோட்டு அங்கே கணினியில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜப்பானில் 2022 ஏப்ரலில் பெரியவர் ஆகும் வயதை 20இலிருந்து 18ஆகக் குறைத்தார்கள். ஆனால் ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமை, நம் பொங்கலுக்குச் சற்று முன்னால், கிமோனோ உடுத்திக் கொண்டாடும் விழாவைப் பல ஊர்கள் 20 வயதுக்கே வைத்துக்கொண்டன. சட்டம் சொன்னால் ஆயிற்றா, ஊர் ஒத்துக்கொள்ள வேண்டாமா?

ஊர் ஒத்துக்கொள்வது என்றதும் தங்கச்சி ஞாபகம் வருகிறது.

அவளுக்குப் பெரியமனுஷி பட்டம் 2009இல், 12 வயதில் வந்தது. மாமா பச்சை ஓலையில் குச்சு கட்டினார். அவள் அதற்குள் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தாள். கணக்குப் பாடத்தில் பின்னம் நடந்துகொண்டிருந்த சமயம், அதைத் தவறவிட்டுவிட்டாள். பின்னம் என்றால் இன்றைக்கும் தடுமாறுவாள். பிறகு சீர்த்தட்டு, தெருமுனையில் அவள் படம் போட்ட ஃபிளக்ஸ், பிரியாணி. எனக்கு இதுபோல ஒன்றும் நடக்கவில்லை. எருது விடும் விழாவில் ஒரு மாட்டின் கயிற்றைப் பிடித்து இழுபட்டு முழங்கை தேய்ந்ததைச் சேர்த்தால் ஒழிய.

16 வயதில் அவளுக்கு வரன் வந்தது. எங்கள் பக்கத்தில் அப்போது அது ஆச்சரியமான செய்தி இல்லை. சட்டம் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று 1978இலேயே சொல்லிவிட்டது. இருந்தும் 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 நிறையும் முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. அதைத் தடுக்கும் கூட்டம் எங்கே நடந்தாலும் தருமபுரி, கிருஷ்ணகிரி பெயர் வராமல் இருக்காது. அம்மாவுக்கே 1988இல் 16 வயதில்தான் கல்யாணம்.

அம்மா அந்த வரனை எதிர்க்கவே இல்லை. "பிளஸ் டூ பரீட்சை முடியட்டும்" என்றார். அது முடிந்ததும் "காலேஜ் சேத்தாச்சு, இந்த செமஸ்டர் போகட்டும்." அதற்கப்புறம் "அரியர் ஒண்ணு இருக்காம்." அரியர் எதுவும் இல்லை. நேருக்கு நேர் 'வேண்டாம்' என்று சொல்ல அம்மாவுக்குச் சொல் கிடையாது, தேதி மட்டும்தான் கையில் இருந்தது. அந்தத் தேதிகளை வைத்தே கிருஷ்ணகிரி அரசு மகளிர் கல்லூரியில் மூன்று வருடத்தை ஓட்டிக் காட்டினார். மாப்பிள்ளை வீட்டார் சலித்துப்போய் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்தில் அரசு உதவி என்றால் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம்தான். படித்த பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது பணமும் தாலிக்குத் தங்கமும். 2022 செப்டம்பரில் அதே திட்டம் உருமாறிப் 'புதுமைப்பெண்' ஆனது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். தாலிக்குப் போன காசு பஸ் பாஸுக்கும் புத்தகத்துக்கும் திரும்பியது. என்னைக் கேட்டால் பத்து மேடைப் பேச்சைவிட இந்தத் திருப்பம் பெரியது. என் தங்கைக்கு இரண்டும் கிடைக்கவில்லை. கல்யாணம் ஆகாததால் முதலாவது இல்லை, படித்து முடித்துவிட்டதால் இரண்டாவது இல்லை.

இப்போது அவள் ஓசூரில் ஒரு செல்போன் உதிரிபாக ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். விடுதியில் ஜார்க்கண்ட் பெண்களோடு இருக்கிறாள், இந்தி சரளமாகப் பேசுகிறாள். அப்பாவின் கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பாதிப் பணம் அவளுடையது. 12 வயதிலேயே பெரியமனுஷி என்று ஊரைக் கூட்டிச் சொன்னவர்கள் நோட்டில் அவளுக்கு இடம் இல்லை.

அடுப்புக்கு வருகிறேன். 2021இல் எனக்கு 31 வயதில் கல்யாணம். அதற்கடுத்து நான் செய்த முதல் அரசாங்க வேலை ரேஷன் கார்டு. அப்பா கார்டிலிருந்து என் பெயரை நீக்க வேண்டும், மனைவியின் பெயரை அவள் அப்பா கார்டிலிருந்து நீக்க வேண்டும், பிறகு புதுக் கார்டுக்கு விண்ணப்பம். விசாரிக்க வந்தவர் சான்றிதழ்களை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனார். சிலிண்டர் தனியா, அடுப்பு தனியா என்று பார்த்தார். ஒரே வீட்டுக்குள் அம்மாவின் அடுப்பு பின்கட்டில், எங்கள் அடுப்பு முன்னறைத் தடுப்புக்குள். அவர் வருகிறார் என்பதற்காக அன்று மனைவி தனியாக ரசம் வைத்திருந்தாள். கொதிக்கிற ரசம்தான் நாங்கள் தனிக் குடும்பம் என்பதற்குச் சாட்சி. மத்தியானம் எல்லோரும் பின்கட்டில்தான் சாப்பிட்டோம். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை வந்ததும் கார்டுக்கு ஒரு குடும்பத் தலைவி என்ற விதியால் எங்கள் தெருவில் இன்னும் நான்கைந்து அடுப்பு பிரிந்தது. அப்படித்தான் 26 வயதில் என் மனைவி குடும்பத் தலைவி ஆனாள். கோயில் நோட்டில் கணவன் செத்தால் மட்டுமே அரையாக ஏறக்கூடியவள், அரசாங்க நோட்டில் முழுதாக ஏறிவிட்டாள்.

நானும் நோட்டில் ஏறினேன். 2022 திருவிழா வரி என் பெயரில், என் கையால். அந்தக் கூட்டத்தில் மறுபடியும் எழுந்து மோட்டார் விஷயத்தைப் பேசினேன், நான்கு வருடத்தில் விலை ஏறியிருந்தது. ஊர்க்கவுண்டர் இந்த முறையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல யோசனதான். அப்பாகிட்ட கலந்துகிட்டியா?"

அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் தலையை அசைத்த பிறகுதான் மோட்டார் வாங்கினார்கள்.

பெரியப்பா இறந்தபோதுதான் கடைசிப் படியைப் பார்த்தேன். கருமாதி அன்று பங்காளிகள், சம்பந்திகள் எல்லோரும் சுற்றி நிற்க, அண்ணனுக்கு உருமா கட்டினார்கள். மாமன் வீட்டு வேட்டியைத் தலையில் சுற்றி, நெற்றியில் திருநீறு வைத்து, "இனிமே நீதாம்பா" என்றார்கள். அண்ணனுக்கு அப்போது 46 வயது, அவர் மகள் காலேஜ் முதல் வருடம். உருமாவோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் ஒருவர் வந்து பந்தலைப் பிரிக்கலாமா என்று கேட்டார். அண்ணன் பழக்கத்தில் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். அப்புறம், "ம்ம், பிரிங்க" என்றார்.

போன திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் தங்கச்சி போன் செய்தாள். இந்த வருடம் வரி எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். நோட்டு வைத்திருப்பவரின் நம்பரை வாங்கிக்கொண்டாள். அன்று ராத்திரியே அவருக்கு ஜிபேயில் 2,000 ரூபாய் போயிருக்கிறது, அவள் பெயரில்.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார், நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. அப்பா பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, உம் பொண்ணு பணம் போட்டிருக்குது. முழு வரி. எந்தக் கணக்குல எழுதறது?"

அப்பா வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். எழுதிடுங்க மாமா என்று சொன்னேன்.

"எழுதலாம். முழுசுக்கும் வராது, அரைக்கும் வராதே. எந்தப் பக்கத்துல எழுதறது?" என்று அவரே கொஞ்ச நேரம் பக்கங்களைப் புரட்டினார். சண்டை போடும் எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. நிஜமாகவே பக்கம் தேடினார். கடைசியில் பின் அட்டைக்கு முந்தைய பக்கத்தில் நன்கொடை என்று தலைப்புப் போட்ட இடத்தில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கரகம் புறப்படும் அன்று மைக்கில் நன்கொடையாளர் பட்டியல் வாசித்தார்கள். பெங்களூரில் செட்டிலான மேஸ்திரி, கிருஷ்ணகிரி நகைக்கடைக்காரர், அவர்களுக்கு நடுவே, "ஓசூரிலிருந்து" என்று சொல்லி என் தங்கையின் பெயர், இரண்டாயிரம் ரூபாய். வெளியூர்க்காரி மாதிரி. அவள் அப்போது பந்தலில் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள், மாவிளக்குத் தட்டோடு.

"உம் பேரை எப்பயாச்சும் மைக்ல சொல்லியிருக்காங்களாண்ணா?" என்றாள்.

இல்லை என்றேன்.